சேவாகிராமில் ஒரு வாரம்: பை ரெடி... வீடு ரெடியா?

‘வாழ்த்துகள்! நீங்கள் தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள்’ என்று மெயில் வந்தால் முதல் ஐந்து நிமிடம் கொண்டாட்டம்தான். ஆறாவது நிமிடத்தில் கேள்விகள் ஆரம்பித்துவிடும். எங்கே? எத்தனை நாள்? யார் கூட? சாப்பாடு எப்படி? பாத்ரூம் தனியா, பொதுவா? இதில் பாதி நமக்கே தோன்றும். மீதி வீட்டிலிருந்து வரும்.

இதழியல், கல்வி, சமூகப்பணி, சுற்றுச்சூழல் என்று பல துறைகளில் இப்போது இளைஞர்களுக்கு ஃபெல்லோஷிப்கள் கிடைக்கின்றன. மாதக்கணக்கில் நடக்கும் பயிற்சியில் பெரும்பகுதி ஆன்லைனில் முடிந்துவிடும். ஆனால் ஒரு வாரம் மட்டும் எல்லோரையும் ஒரே இடத்துக்கு வரவழைத்து, தங்கவைத்து, சேர்ந்து சாப்பிடவைத்து, சேர்ந்து வேலை செய்யவைப்பார்கள். அதைத்தான் ‘ரெசிடென்ஷியல்’ என்கிறார்கள். அதைக் காலேஜ் டூர் என்றும் சொல்ல முடியாது, ஆபீஸ் மீட்டிங் என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் அதற்கு எப்படித் தயாராவது என்று யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை.

எனக்கு வந்திருப்பது கிராமப்புறச் செய்திகளுக்கான ஃபெல்லோஷிப். தங்கப்போகும் இடம், மகாராஷ்டிராவின் வார்தா மாவட்டத்தில் இருக்கும் சேவாகிராம். பொங்கல் முடிந்த கையோடு கிளம்ப வேண்டும். ஒரு மாதமாக முந்தைய பேட்ச் அண்ணன், அக்காக்களுக்கு போன் போட்டுக் கேட்டதையும், வீட்டில் செய்துவைத்த ஏற்பாடுகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணோ பையனோ இப்படி ஒரு மெயிலோடு நின்றால் உதவும்.

மெயிலில் இல்லாததைக் கேளுங்கள்

செலக்‌ஷன் மெயிலில் தேதியும் இடமும் இருக்கும். கூடவே ‘பயணச் செலவு வழங்கப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். எப்போது வழங்கப்படும் என்பது இருக்காது. முதலில் நம் காசில் டிக்கெட் எடுத்து, பில் கொடுத்து, பிறகு வாங்கிக்கொள்வதா? அல்லது அவர்களே டிக்கெட் எடுத்துத் தருவார்களா? ஸ்லீப்பர் கட்டணமா, மூன்றாம் வகுப்பு ஏசி கட்டணமா? ஸ்டேஷனிலிருந்து போகும் ஆட்டோவுக்குக் கணக்கு உண்டா? இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். முந்தைய பேட்ச் அக்கா ஒருவர் சொன்னது: “காசு விஷயத்தைக் கேட்டா நம்மளைத் தப்பா நினைப்பாங்களோன்னு பயந்து, வராமலே விட்டவங்க இருக்காங்க.” அவர் பேச்சில் நான் முதலில் குறித்துக்கொண்டது இதைத்தான்.

அடுத்தது தங்குமிடம். ஓர் அறைக்கு எத்தனை பேர், பெண்கள் தங்கும் இடத்தில் இரவில் பொறுப்பாளர் யார், அவருடைய எண் என்ன, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா, உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது... இந்தப் பதில்களை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி, அப்படியே வீட்டு எண்ணுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டேன். நாம் வாயால் பத்துமுறை சொல்வதைவிட, எழுத்தில் வந்த பதிலைத்தான் அம்மாக்கள் நம்புகிறார்கள்.

சேவாகிராமைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கவலையே இல்லை. காந்தியின் மருத்துவராக இருந்த சுசீலா நய்யார் ஆரம்பித்த மகாத்மா காந்தி மருத்துவ அறிவியல் கழகம் 1969 முதல் அங்கேயே இயங்குகிறது. அதன் கஸ்தூரிபா மருத்துவமனைக்குச் சுற்றுவட்டார கிராமங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். அங்கே எம்.பி.பி.எஸ் சேரும் மாணவர்கள் முதல் பாடத்துக்கு முன்பு ஆசிரமத்தில் தங்கித்தான் படிப்பைத் தொடங்குகிறார்கள். பிரார்த்தனை, துப்புரவு, கூட்டு வேலை என்று சில நாள்கள் போகும். டாக்டர் ஆவதற்கே முன்னோட்டம் ஒரு ரெசிடென்ஷியல்!

‘கல்லுப்பட்டி ஆசிரமம் மாதிரியா?’

எங்கள் வீடு திருமங்கலத்தில் இருக்கிறது. “சேவாகிராம்” என்றதும் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பத்தாதான் கேட்டது, “நம்ம கல்லுப்பட்டி ஆசிரமம் மாதிரியா?” டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதனைச் சொல்கிறது. ஆமாம் என்றதும் வீட்டில் பாதி பயம் போய்விட்டது.

அப்பத்தா சும்மா கேட்ட அந்தக் கேள்விக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு தொடர்பு இருக்கிறது. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி.குமரப்பா, வெளிநாட்டில் படித்துக் கணக்காயராக இருந்தவர். காந்தியைச் சந்தித்த பிறகு கோட்டு சூட்டை விட்டுவிட்டு, வார்தாவுக்குப் போய் கிராமத் தொழில்களுக்காகவே உழைத்தார். 1934-ல் உருவான அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவின் மகன்வாடியிலிருந்து நடத்தியவர் அவர். கடைசிக் காலத்தில் வந்து தங்கியது நம் கல்லுப்பட்டியில். 1960-ல் அவர் மறைந்த நாளும் ஜனவரி 30.

யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அங்கே வாழ்ந்தவர்தான். 1937-ல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டுக்குப் பிறகு, கைத்தொழிலோடு சேர்ந்த ‘நயி தாலிம்’ கல்வியை சேவாகிராமில் நடத்திக் காட்டியவர்கள் அவரும் அவர் மனைவி ஆஷாதேவியும். அந்த வளாகத்தில் இன்றும் ‘ஆனந்த நிகேதன்’ என்ற பள்ளி நடக்கிறது.

ஆக, தமிழ் பேசுகிறவர்கள் பெட்டியோடு வார்தாவில் இறங்குவது புதிய விஷயம் இல்லை.

100 ரூபாய் வீடு

டிப்ளமோ படிக்கும்போது நாக்பூர் போன வழியில் அரை நாள் சேவாகிராமைப் பார்த்திருக்கிறேன். அரை நாளில் சுற்றி வந்து, போட்டோ எடுத்து, கதர்க் கடையில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். மண் சுவர், மூங்கில், நாட்டு ஓடு, சாணி மெழுகிய தரை, மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன குடில்கள். ‘அவ்வளவுதானா?’ என்றுதான் முதலில் தோன்றும். ஒரு வாரம் தங்கப் போகிறோம் என்றதும் அந்த ‘அவ்வளவுதான்’ வேறு மாதிரி தெரிகிறது.

1930-ல் தண்டி யாத்திரைக்குக் கிளம்பியபோது, சுயராஜ்யம் கிடைக்காமல் சபர்மதிக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார் காந்தி. ஜம்னாலால் பஜாஜின் அழைப்பில் வார்தாவுக்கு வந்தவர், 1936 ஏப்ரல் 30 அன்று அருகில் இருந்த சேகாவ் கிராமத்துக்குக் குடிவந்தார். அப்போது அவருக்கு 66 வயது. ஒழுங்கான ரோடு இல்லை. மலேரியா உண்டு, பாம்பு உண்டு. அவரையே மலேரியா படுத்திவிட்டது. தனக்கு வீடு கட்டித் தருவதென்றால் செலவு 100 ரூபாயைத் தாண்டக் கூடாது, உள்ளூர்ப் பொருளும் உள்ளூர் ஆட்களும் போதும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

ஊர்ப் பெயர் மாறிய கதையும் சுவாரஸ்யமானது. அதே மகாராஷ்டிராவில், ரயில் பாதையில் ஷேகாவ் என்று இன்னோர் ஊர் இருக்கிறது. காந்திக்கு வரவேண்டிய கடிதங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அந்தக் குழப்பம் தீர 1940-ல் சேகாவ், சேவாகிராம் ஆனது. கூகுள் மேப்பில் ஊர்ப் பெயரை மட்டும் தட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாவட்டம், பின்கோடு வரை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பாபு குடி என்று அழைக்கப்படும் குடிலுக்குள் இருப்பவற்றை எண்ணிவிடலாம். உட்கார ஒரு பாய், சாய்ந்துகொள்ள ஒரு பலகை, எழுத ஒரு சிறிய மேசை, மூக்குக் கண்ணாடி, மரச் செருப்பு, கைத்தடி, மூன்று குரங்கு பொம்மை. பாம்பைக் கொல்லாமல் பிடிப்பதற்கான மர இடுக்கியையும் பெட்டியையும்கூடப் பார்க்கலாம். பிடித்துக் கொண்டுபோய்த் தூரத்தில் விட்டுவிடுவார்களாம். இவ்வளவு சின்ன இடத்தில் உட்கார்ந்துதான் நாட்டின் பெரிய முடிவுகளைப் பேசினார்கள். ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்துக்கு அடித்தளமான காங்கிரஸ் காரியக் கமிட்டித் தீர்மானம் 1942 ஜூலை 14 அன்று வார்தாவில் நிறைவேறியது.

அந்தப் பரபரப்புக்கு நடுவிலும் காந்தி தினமும் ஒதுக்கிய ஒரு வேலை இருந்தது. பர்ச்சூரே சாஸ்திரி என்ற சம்ஸ்கிருத அறிஞருக்குத் தொழுநோய். ஊரே ஒதுக்கிய அவரைத் தன் குடிலுக்குப் பக்கத்திலேயே தங்கவைத்து, தானே எண்ணெய் தேய்த்து, மசாஜ் செய்துவிட்டார். சாஸ்திரி தங்கிய அந்தக் குடிலும் அங்கே இருக்கிறது.

1978-ல் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் சேவாகிராமுக்கு வந்து, பாபு குடிக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டு அந்தக் குடிலைப் பற்றியே பேசினார். பொருள்களைச் சேர்த்துக்கொண்டே போனால் நம் வசதி கூடுவதாக நினைக்கிறோம், உண்மையில் அவற்றைச் சார்ந்திருப்பதுதான் கூடுகிறது என்பது அவர் பேச்சின் சாரம். ஏழு நாளுக்கு எட்டு சுடிதார் எடுத்து வைத்திருந்த நேரத்தில் அதைப் படித்தேன். மூன்று சுடிதார் பீரோவுக்குத் திரும்பின.

டிக்கெட்: போவதைவிட வருவது முக்கியம்

சேவாகிராம் என்ற பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. முன்பு வார்தா ஈஸ்ட் என்று பெயர். சென்னையிலிருந்து டெல்லி போகும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கும். மதுரைப் பக்கம் இருந்து போகிறவர்கள் சென்னை போய் மாறலாம். அல்லது டெல்லி போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் போன்ற ரயிலில் நாக்பூரில் இறங்கி, அங்கிருந்து சுமார் 75 கி.மீ பஸ்ஸிலோ வேறு ரயிலிலோ திரும்பி வரலாம். வார்தா ஊரிலிருந்து ஆசிரமம் சுமார் 8 கி.மீ. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பரில் இது மாறியது. முன்பு போல நான்கு மாதத்துக்கு முன்பே எடுத்துவைக்க முடியாது. தட்கல் என்றால் பயணத்துக்கு முதல் நாள், ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஆன்லைனில் தட்கல் எடுக்க, ஐ.ஆர்.சி.டி.சி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். கடைசி நாள் காலையில் உட்கார்ந்து அதைச் செய்யாமல், செலக்‌ஷன் மெயில் வந்த அன்றே முடித்துவிடுங்கள்.

பொங்கல் சமயத்தில் நம் ஊர் ரயில்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். அதனால் நான் போகும் டிக்கெட்டுக்கு முன்பாகத் திரும்பும் டிக்கெட்டைத்தான் யோசித்தேன். போகும்போது ஒரு நாள் முன்பே போய்ச் சேர்ந்தால் நல்லது. முதல் நாள் நிகழ்ச்சிக்குத் தூக்கக் கலக்கத்தோடு போக வேண்டியிருக்காது. திரும்பும்போது கடைசி நாள் மதியம் டிக்கெட் போடவே கூடாது என்பது சீனியர்கள் எல்லோரும் சொன்ன பாடம். ஆறு நாள் ஒன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு, சமாதானமான பிறகு, அந்தக் கடைசி மதியம்தான் எல்லோரும் மனதுவிட்டுப் பேசுவார்களாம். அந்த நேரத்தில் ஆட்டோவைத் தேடிக்கொண்டு நிற்பானேன்?

பைக்குள் என்ன?

விதர்பாவின் வெயில் பிரசித்தம். மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும். ஆனால் ஜனவரியில் பகல் இதமாக இருந்தாலும் இரவில் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். மதுரைக்காரர்களுக்கு அது கொடைக்கானல். ஆசிரமத்தில் விடியற்காலைப் பிரார்த்தனை உண்டு, அதுவும் திறந்தவெளியில். ஒரு ஸ்வெட்டர், காதை மூடும் மஃப்ளர், சாக்ஸ், ஒரு கம்பளிப் போர்வை கட்டாயம். ஒரே தடிமனான ஜாக்கெட்டைவிட, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் துணிகள் வசதி. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம்.

தினமும் ஒரு மணி நேரம் ‘சிரமதானம்’ இருக்கும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். பெருக்குவது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. அழுக்கானால் வருத்தப்படாத இரண்டு செட் பருத்தி உடை, சீக்கிரம் காயும் துண்டு, ஈரத்தில் வழுக்காத செருப்பு இருந்தால் போதும். ஜீன்ஸ் காய்வதற்கு ரெசிடென்ஷியலே முடிந்துவிடும்.

மற்றவை என் பட்டியலில் இருந்து: தட்டும் டம்ளரும் தனியாக ஒன்று, டார்ச், கொடி கட்ட இரண்டு முழக் கயிறு, நாலு கிளிப், பூட்டு, தண்ணீர் பாட்டில், வழக்கமான மாத்திரைகளோடு டாக்டர் சீட்டு, காய்ச்சல் மாத்திரை, ஓ.ஆர்.எஸ் பாக்கெட். பெண் பிள்ளைகள், தேதி வராவிட்டாலும் நாப்கின் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாறினால் தேதியும் மாறும். பயன்படுத்தியதைச் சுற்றிப் போடப் பழைய பேப்பரும் வேண்டும். ஆதார் நகல் இரண்டு, சில்லறை நோட்டாக ஆயிரம் ரூபாய், போனிலும் பேப்பரிலும் முக்கிய எண்கள்.

சாப்பாடு சைவம். ரொட்டி அல்லது சோள பாக்ரி, பருப்பு, காய், கொஞ்சம் சோறு. காரம் நம் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். அம்மா இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் டப்பாவில் அடைத்திருக்கிறது. “எல்லாருக்கும் சேர்த்துக் கொண்டு போ, தனியா வச்சுத் தின்னாதே” என்று உத்தரவு. பொடியை விடுங்கள், கூட்டாகத் தங்குவதற்கே அடிப்படை விதி அதுதான் என்று தோன்றியது.

போன் பெட்டிக்குள்

நிகழ்ச்சி நிரலில் என்னை யோசிக்கவைத்த வரி இது: ‘காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை கைபேசிகள் ஒரு பெட்டியில் வைக்கப்படும்.’ நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். விழித்ததும் பார்ப்பதும் தூங்கப் போகுமுன் பார்ப்பதும் போன்தான். வேலையே அதுதான் என்பதால் யாரும் திட்டக்கூட முடியாது.

சேவாகிராமிலும் ஒரு தொலைபேசி உண்டு. வைஸ்ராய் லின்லித்கோ காலத்தில், காந்தியோடு உடனுக்குடன் பேசுவதற்காக அந்தக் கிராமத்தில் பொருத்தப்பட்டது. அதை இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நாட்டை ஆண்டவரே அழைக்கும் இணைப்பு இருந்தபோதும், திங்கட்கிழமைகளில் மௌனம் என்ற தன் வழக்கத்தை காந்தி விடவில்லை. பேச வேண்டியதை எழுதிக் காட்டினார்.

ஆபீஸுக்குச் சொல்வது சுலபமாக முடிந்தது. ஒரு மாதம் முன்பே லீவு லெட்டர், என் வேலைகளை யார் பார்ப்பது என்ற பட்டியல், அவசரம் என்றால் மாலை 6-க்கு மேல் அழைக்கலாம் என்ற குறிப்பு. சிக்கல் வீட்டில்தான் இருந்தது.

வீட்டையும் கட்டி வைக்கணும்

அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் ரோட்டில். அம்மாவுக்குத் தையல் வேலை. கேஸ் புக்கிங், கரன்ட் பில், அப்பத்தாவின் ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் என் போனில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பத்தாவுக்கு தினமும் காலையில் இன்சுலின் போடுவது நான்தான். அம்மாவுக்கு ஊசி என்றாலே கை நடுங்கும். துணியில் ஓடும் ஊசிக்குப் பயமில்லை, தோலில் இறங்கும் ஊசிக்குத்தான் பயம்.

‘ஒரு வாரம்தானே, பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டுக்கலாம்’ என்று முதலில் பேசினோம். அக்காவுக்குக் காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ஒருநாள் தவறினால்? ‘இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் அப்ளை பண்ணிக்கலாம்’ என்று நானே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் பலர் இப்படி ஒரு வாரத்தைக் கைவிடுவது ‘போகாதே’ என்று யாரோ தடுப்பதால் இல்லை. அவர்கள் வீட்டில் செய்யும் வேலையைச் செய்ய இன்னொருவர் தயாராக இல்லாததால்தான்.

தீர்வு சொன்னது அப்பத்தா. “எனக்குப் போடுற ஊசியை நானே போட்டுக்கிட்டா என்ன?” 74 வயது. எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். செவிலியர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பேனாவில் டாக்டர் எழுதிய அளவைத் திருகி வைப்பது, வயிற்றில் தினமும் இடம் மாற்றிப் போடுவது, போட்டதும் நேரத்துக்குச் சாப்பிடுவது. வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி, கிறுகிறுப்பாக வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிப்பது, பிறகு ஆஸ்பத்திரிக்குச் சொல்வது. அளவு எண் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால், அதைப் பார்த்துச் சொல்வது மட்டும் அம்மா பொறுப்பு. மூன்று வாரமாக இருவரும் சேர்ந்துதான் போடுகிறார்கள். நான் பக்கத்தில் நின்று பார்ப்பதோடு சரி. நான்காம் நாளே அப்பத்தா, “நீ போடுறதைவிட வலிக்கலை” என்று சொல்லிவிட்டது.

மற்றதற்கு ஒரு நோட்டு. கேஸ் எண், மின் இணைப்பு எண், மெடிக்கல் கடைக்காரர் எண், ஆஸ்பத்திரிக்குப் போகும் தேதி, பயிற்சி அமைப்பின் பொறுப்பாளர் எண். பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒரு விஷயம். அம்மா யு.பி.ஐ-யில் பணம் அனுப்பக் கற்றுக்கொண்டது. ‘பின் நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதே, பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை’ என்பது நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. வாங்குவதற்கு நோட்டு 20 ரூபாய்தான். ஆனால் என் பயணத்தையே சாத்தியமாக்கியது அதுதான்.

ஒரு கேள்வி கொண்டுவரவும்

மெயிலின் கடைசி வரி: ‘ஒவ்வொருவரும் தங்கள் ஊரிலிருந்து ஒரு கேள்வி கொண்டுவரவும்.’ துணிமணியைவிட அதிக நேரம் எடுத்தது இதற்குத்தான்.

வார்தா கரிசல் பூமி, பருத்தி பூமி. நாட்டில் விவசாயிகள் தற்கொலை என்றாலே விதர்பாவின் பெயர் வந்து நிற்கிறது. திருமங்கலத்திலிருந்து கல்லுப்பட்டி, பேரையூர் போகும் வழியெல்லாம் எங்களுக்கும் கரிசல்தான், பருத்திதான். பருத்தி விலை ஏறியது, இறங்கியது என்று நான் எத்தனையோ செய்தி போட்டிருக்கிறேன். அவற்றில் வியாபாரி வருவார், விவசாயி வருவார், மில் முதலாளி வருவார். செடியில் குனிந்து பருத்தி எடுக்கிற பெண் வரமாட்டார். சரி, யாரிடம் கேட்பது என்று யோசித்தபோது, ஊசி போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது அப்பத்தா. கல்யாணமான புதிதில் பத்து வருடம் பருத்தி எடுக்கப் போனது.

“விடிஞ்சும் விடியாம போகணும். பனி ஈரத்துல சருகு நொறுங்காது, பருத்தி சுத்தமா வரும். வெயில் ஏறிட்டா சருகு ஒட்டிக்கும், காட்டுக்காரர் ஏசுவார். காய் வெடிச்ச ஓடு முனை இருக்கு பாரு, அது விரலைக் கீறிக்கிட்டே இருக்கும். மடி நிறைய நிறைய இடுப்பு இழுக்கும். கூலின்னு காசு கிடையாது. எடுத்ததுல பங்கு. நம்ம பங்கை அளக்கும்போது மட்டும் கை சுருங்கிரும்.”

ஒரு மணி நேரம் பேசியது. போனில் ரெக்கார்டு செய்துவிட்டு, அப்புறம் நோட்டிலும் எழுதிக்கொண்டேன். அங்கே போன் பெட்டிக்குள் போய்விடும் அல்லவா!

ஆக, நான் கொண்டு போகும் கேள்வி இதுதான்: பருத்தி எடுக்கிற பெண்ணுக்கு விதர்பாவில் ஒரு கிலோவுக்கு என்ன கூலி, அதை நிறுத்துப் பார்க்கும் தராசு யார் கையில் இருக்கிறது? பருத்தி எடுப்பு முடியும் பருவத்தில்தான் போகிறேன். காடுகளில் பெண்களைப் பார்க்க முடியும். மராத்தி தெரியாது, இந்தி அரைகுறை. ‘உங்கள் பெயர் என்ன, வீட்டில் யார் யார், இன்று எத்தனை கிலோ எடுத்தீர்கள், தண்ணீர் குடிக்கிறீர்களா’ என்ற நான்கு வாக்கியங்களை மராத்தியில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். அம்மாவுக்கும் அதில் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

பெட்டி கட்டியாகிவிட்டது. தூக்கிப் பார்த்தேன், ஒரு கையில் வருகிறது. ரயில் பல்லார்ஷாவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் மண்ணும் பருத்தியும் தெரிய ஆரம்பிக்கும் என்று முந்தைய பேட்ச் அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்பத்தா கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: “அங்கிட்டு வெடிச்ச காய் ஒண்ணு கொண்டாத்தா. ஓடு முனை நம்ம ஊரு மாதிரி கீறுதான்னு பார்ப்போம்.”